பாரமற்ற மரமும் பாரஞ்சுமந்த மக்களும்

படகின் தளத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும், போர்களையும் உடன்படிக்கைகளையுமே வரலாறு என்று கற்றுப் பழகிய நமக்கு, கடற்றொழிலாளியின் காலடியிற் கிடக்கும் பலகை வரலாற்றுப் பொருளாகத் தோன்றுவதில்லை. ஆயினும் ஒரு பொருளை யார் வெட்டினர், யார் சுமந்தனர், யார் விற்றனர், யார் அதன் பயனை நுகர்ந்தனர் என்ற வினாக்களை எழுப்புவோமாயின், மிகச் சாதாரணமான பலகையும் வாய்திறந்து பேசத் தொடங்கும். அத்தகைய ஒரு பலகையின் கதையையே ஈண்டு நோக்க விரும்புகிறோம்.

உலகின் படகுப் பட்டறைகள் பலவற்றிலும் இன்று அன்றாடம் நடைபெறும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியிழைப் படகொன்று பல ஆண்டுகள் ஓடியதும் அதன் தளம் காலடியில் நெகிழத் தொடங்குகிறது. மேற்றோல் பழுதின்றிப் பளபளக்கும். உள்ளே கிடக்கும் ஒட்டுப்பலகையோ, திருகாணித் துளைகளின் வழியே இறங்கிய நீரைக் குடித்து உக்கிப் போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மொத்தென்று ஒலிக்கும். தொழிலாளி மேற்றோலை அறுத்தெடுத்து, உக்கியதைச் சுரண்டி அகற்றி, அடிச்சட்டங்களை நன்கு காயவிட்டுப் புதிய தளம் இடுகிறான். முன்னர் மீண்டும் ஒட்டுப்பலகையே இடப்பட்டது. இப்பொழுதோ பல இடங்களில் அதற்குப் பதிலாக மூவடுக்குத் தளம் இடப்படுகிறது. நடுவே பல்சா மரத்தாலோ செயற்கை நுரைப்பலகையாலோ ஆன இலேசான நடுப்படை. அதன் மேலும் கீழும் பிசினில் தோய்த்த கண்ணாடியிழைத் துணியாலான தோல்கள்.

இம்மாற்றத்தின் பயன் சிறிதன்று. 10 சதுர மீற்றர் பரப்பும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தளமொன்றுக்கு ஒட்டுப்பலகை ஏறத்தாழ 65 கிலோகிராம் நிறை கொள்ளும். அதே அளவான பல்சா நடுப்படை 20 கிலோகிராமுக்குள் அடங்கும். கன மீற்றருக்கு 80 கிலோகிராம் நிறையுள்ள நுரைப்பலகை 10 கிலோகிராமுக்குள் அடங்கும். தோல்களின் நிறை தனி. இத்துணை இலேசான பொருள் ஆளையும் வலையையும் எங்ஙனம் தாங்குகிறது? தாங்கும் வேலையைச் செய்வன தோல்களே. தளத்தின்மேல் ஒருவன் நிற்கும்போது மேற்றோல் நெருக்கப்படுகிறது, கீழ்த்தோல் இழுபடுகிறது. அவ்விரண்டையும் தூர விலக்கி நிறுத்துவதும், ஒன்றின்மேல் மற்றது வழுக்காது பிடித்துக்கொள்வதுமே நடுப்படையின் கடமை. தகட்டின் தடிப்பு இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியலின் பாலபாடம். அத்தடிப்பைப் பாரமின்றிப் பெறும் உபாயமே நடுப்படை.

பாரம் குறைந்தால் எரிபொருள் மிஞ்சும், கூடுதல் மீனேற்றலாம், கரைக்கு இழுப்பதும் எளிது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் படகிலிருந்து குறைந்த பாரம் உலகிலிருந்தே மறைந்துவிட்டதா? அன்றி, வேறு யாருடைய தோளுக்கேனும் அது மாற்றப்பட்டதா? இவ்வினாவுக்கு விடை காண நாம் தென் அமெரிக்காவின் பசிபிக் கரைக்கு, இன்றைய எக்குவடோர் நாட்டுக்குச் செல்ல வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் பல்சா மரத்தின் மிகப் பெரும்பகுதி அந்நாட்டினின்றே வருகிறது.

* * *

பல்சா என்பது ஸ்பானியச் சொல். அதன் பொருள் தெப்பம். மரத்துக்குத் தெப்பத்தின் பெயர் வாய்த்தமை தற்செயலன்று. அம்மரத்தை ஐரோப்பியர் முதலிற் கண்டது காட்டிலன்று, கடலில்.

1526 ஆம் ஆண்டளவில், பிசாரோவின் மாலுமியான பார்த்தொலோமே ரூயிஸ் எக்குவடோர்க் கரையோரமாகத் தெற்கே சென்றபோது, பாய்விரித்து வந்த பெருந்தெப்பம் ஒன்றை எதிர்கொண்டான். மரங்களைக் கயிற்றால் பிணைத்த அத்தெப்பத்தில் ஏறத்தாழ 20 பேர் இருந்தனர். பொன்னும் வெள்ளியுமான அணிகள், வேலைப்பாடமைந்த துணிகள், மணிகள் முதலியன அதில் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றைக் கொடுத்து அம்மக்கள் பெற விரும்பியவை செந்நிறமான கடற்சிப்பிகள். ஆக, ஐரோப்பியர் அக்கரையை அடையுமுன்னரே அங்கு நெடுந்தூரக் கடல்வாணிபம் தழைத்திருந்தது. அச்சந்திப்பு நிகழ்ந்த விதத்தையும் அக்கால அறிக்கை மறைக்கவில்லை. தெப்பத்திலிருந்தோர் பலர் கடலிற் பாய்ந்தனர். மூவரை ஸ்பானியர் தம்மொழி கற்பித்து மொழிபெயர்ப்பாளராக்கும் பொருட்டுப் பிடித்து வைத்துக்கொண்டனர். இலேசான மரம் உலக வரலாற்றினுள் நுழைந்த முதல் நாளே அதனைச் செலுத்தியோர் கைதிகளாயினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரு நூற்றாண்டுகள் கழிந்து, 1736 இல், ஜோர்ஜ் ஹுவான், அந்தோனியோ தெ உல்லோவா என்னும் இரு ஸ்பானியக் கடற்படை அறிஞர் குவாயாகில் துறைமுகத்தை அடைந்தனர். 1748 இல் வெளியான அவர்களது பிரயாண நூல் அத்தெப்பங்களை விரிவாக வருணிக்கிறது. 5, 7, 9 என ஒற்றைப்படையான மரங்களைப் பிணைத்து அவை கட்டப்பட்டன. மரங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் செங்குத்தான பலகைகள் செருகப்பட்டிருந்தன. ‘குவாரா’ எனப்படும் அப்பலகைகளை முன்னும் பின்னும் ஏற்றியும் இறக்கியும் காற்றுக்கு எதிராகவும் தெப்பத்தைத் திருப்பிச் செலுத்த முடிந்தது. சுக்கான் இன்றிச் சுக்கானின் பயனைப் பெற்ற இந்நுட்பம் அவ்வறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. எழுத்தறியாதவர் என்று இகழப்பட்ட மக்களின் கைகளில் இத்தகைய அறிவு இருந்தது.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்திற் கட்டுமரம் நினைவுக்கு வருதல் இயல்பே. இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தன என்று நாம் கூறவில்லை. ஒரேவகைத் தேவை இரு கடற்கரைகளில் ஒரேவகை விடையைத் தந்தது என்பதே நமது கருத்து. அங்கும் இங்கும் இலேசான மரங்களைத் தெரிந்தெடுத்தனர்; ஆணியின்றிக் கயிற்றாற் பிணைத்தனர்; அலை உள்ளே புகுந்து வெளியேற இடம்விட்டனர். நம்மவர் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலிற் காயவிடுவர். நீரூறிய மரம் பாரமாகும் என்பதையும், காய்ந்தால் அப்பாரம் நீங்கும் என்பதையும் அறிந்த ஏற்பாடு அது. 1697 இல் வெளியான ஆங்கில மாலுமி வில்லியம் டம்பியரின் பிரயாண நூல் இக்கலத்தின் தமிழ்ப் பெயரை ஆங்கில வாசகருக்கு அறிமுகஞ் செய்தது. பின்னாளில் அப்பெயர், நம் கலத்தோடு தொடர்பேயில்லாத இரட்டையுடற் படகுக்கு வழங்கலாயிற்று. பெயர் ஏற்றுமதியாயிற்று, பெயரைத் தந்தவர் கரையிலேயே நின்றுவிட்டனர்.

* * *

எக்குவடோரின் பொருளாதார வரலாறு, ஒன்றன்பின் ஒன்றாக உலகச் சந்தைக்கு ஊட்டப்பட்ட விளைபொருள்களின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது கொக்கோவின் நாடு. குவாயாகில் துறைமுகத்தின் வங்கியாளரும் பெருந்தோட்ட முதலாளிகளும் அந்த வருமானத்தில் மாளிகை எழுப்பினர். முதல் உலகப் போருக்குப் பின்னர் கொக்கோவின் விலை சரிந்தது. பயிரை நோயும் தாக்கியது. நாணயத்தின் பெறுமதி விழுந்து, உணவின் விலை ஏறியது. 1922 இல் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் குவாயாகில் நகர் முழுவதும் பரவிற்று. அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் நாள் இராணுவம் தொழிலாளர் கூட்டத்தின்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தது. மாண்டோர் நூற்றுக்கணக்கில் என்பர். உடல்கள் பல ஆற்றில் வீசப்பட்டன என்றும் கூறுவர்.

அந்த ஆற்றங்கரையே எக்குவடோரின் முற்போக்கு இலக்கியத்துக்கும் பிறப்பிடமாயிற்று. 1930 இல் ஹோவாகின் கய்யெகோஸ் லாரா, என்ரிக்கே கில் கில்பெர்ட், தெமெத்ரியோ அகிலேரா மால்ட்டா என்னும் மூன்று இளைஞர் கூட்டாகச் சிறுகதைத் தொகுதியொன்றை வெளியிட்டனர். கரையோரக் குடியானவனும் சதுப்புநில மீனவனும் தம் சொந்தப் பேச்சுமொழியோடு எக்குவடோரின் கதையிலக்கியத்துள் நுழைந்தனர். 1946 இல் கய்யெகோஸ் லாரா எழுதிய ‘நீரின்மேற் சிலுவைகள்’ என்னும் நாவல் 1922 படுகொலையைப் பொருளாகக் கொண்டது. இறந்தோரின் நினைவாக ஆற்றில் மிதக்கவிடப்படும் சிலுவைகளே அத்தலைப்புக்குக் காரணம். பல்சா மரங்கள் மிதந்து ஏற்றுமதிக்கு வந்த நீர்வழியும் அதே குவாயாஸ் ஆற்றுத் தொகுதிதான். இலக்கிய மாணவர் இவ்விரு மிதப்புகளையும் சேர்த்தே காணவேண்டும். தொழிலாளியின் இரத்தத்தை எழுதிய நாவலும் தொழிலாளி வெட்டிய மரமும் ஒரே ஆற்றில் வந்தவை.

கொக்கோ வீழ்ந்த பின்னர் அந்நாடு நெல்லையும் பல்சாவையும் இறப்பரையும் நாடியது. பல்சாவுக்குப் பெருவிலை வந்த காலம் இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரித்தானியாவில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு நேரும் என்ற அச்சம் நிலவிய வேளையில், டி ஹவிலண்ட் நிறுவனத்தார் மரத்தாலான குண்டுவீச்சு விமானமொன்றை வடிவமைத்தனர். நடுவே பல்சா, இருபுறமும் மெல்லிய பேர்ச் ஒட்டுப்பலகை: இன்றைய படகுத் தளத்தின் அதே மூவடுக்கு. ‘மொஸ்கீற்றோ’ எனப்பட்ட அவ்விமானம் 1940 நவம்பர் 25 ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. தளபாடத் தொழிற்சாலைகளின் தச்சரும், போர்க்காலத்தில் வேலைக்கு அழைக்கப்பட்ட பெண்களும் அவற்றின் பகுதிகளைச் செய்தனர். ஹிட்லரின் பாசிசத்தை முறியடித்த போரில் இவ்விமானம் ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அப்போரின் வெற்றிப் பட்டியலில் லண்டன் தச்சனுக்குக் கிடைத்த இடமேனும் எக்குவடோரின் மரவெட்டிக்குக் கிடைத்ததா என்பது கேள்வி.

இங்கே ஓர் உண்மையைக் கூறவேண்டும். உயிரோடு நிற்கும் பல்சா இலேசான மரமன்று. அதன் உயிரணுக்கள் நீரால் நிறைந்தவை. புதிதாக வெட்டிய மரத்தில் மரப்பொருளைவிட நீரே பன்மடங்கு மிகுதி. வெட்டியபின் காலந்தாழ்த்தாது சூளையில் உலர்த்தினாற்றான் அது புகழ்பெற்ற இலேசை அடைகிறது. ஆகவே, காட்டிலிருந்து ஆற்றங்கரைவரை இழுத்து வந்தவனுக்கு அது எக்காலத்திலும் பாரமான மரமே. சூளையின் மறுபக்கத்தில் நின்று வாங்கியவனுக்கே அது பாரமற்ற மரம். அரசியற் பொருளாதாரத்தின் நீண்ட அதிகாரமொன்று இவ்வொரு மரத்துள் அடங்கிக் கிடக்கிறது.

போரின்போதே இம்மூவடுக்கின் பலவீனமும் வெளிப்பட்டது. 1944 இன் இறுதியில் இந்தியாவில் நிலைகொண்டிருந்த மொஸ்கீற்றோ விமானங்கள் சில, மரமூட்டுகள் விட்டுப் பறப்பிலேயே சிதைந்தன. ஏனையவை பறக்காது நிறுத்திவைக்கப்பட்டன. வெப்பமும் ஈரமும், கட்டுமானத்தில் நேர்ந்த குறைகளும் காரணமாகக் கூறப்பட்டன. ஒட்டின் உறுதியே மூவடுக்கின் உறுதி என்பதையும், ஈரநாட்டின் காற்று அவ்வொட்டைச் சோதிக்கும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. இன்று படகின் தளத்தைத் திறக்கும் தொழிலாளி காண்பதும் அதன் தொடர்ச்சியே.

* * *

போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் பல்சா உலகப் புகழ் பெற்றது. நோர்வேயைச் சேர்ந்த தோர் ஹெயர்டால், எக்குவடோரின் கெவேதோ காட்டில் வெட்டிய 9 பல்சா மரங்களைக் கொண்டு கோன்-டிக்கி என்னுந் தெப்பத்தைக் கட்டினார். 1947 ஏப்பிரல் 28 ஆம் நாள் பெரு நாட்டின் கய்யாவோ துறைமுகத்தினின்று அறுவராகப் புறப்பட்டு, 101 நாள்கள் பசிபிக்கிலே மிதந்து, ஓகஸ்ற் 7 ஆம் நாள் பொலினீசியாவின் ராரோயா பவளத்தீவை அடைந்தனர். அது வீரச்செயல் என்பதில் ஐயமில்லை. தென் அமெரிக்கப் பழங்குடியினரின் தெப்பம் ஆழ்கடலைக் கடக்கவல்லது என்பதை அது ஐயமறக் காட்டியது.

ஆனால் அச்செயலைச் சுற்றி எழுப்பப்பட்ட கோட்பாட்டை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. பொலினீசியாவுக்குப் பண்பாட்டைக் கொண்டுசென்றோர் வெண்ணிறமும் தாடியும் கொண்ட ஒரு தொல்குலத்தினர் என்று ஹெயர்டால் வாதித்தார். தெப்பத்தைக் கண்டுபிடித்த மக்களின் பெருமையை, இருந்தனரோ இல்லையோ என்று தெரியாத வெள்ளையருக்கு அது வழங்கிற்று. 2020 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, 1200 ஆம் ஆண்டளவில் பொலினீசியருக்கும் தென் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் கலப்பு நேர்ந்ததைக் காட்டியுள்ளது. பெருங்கடலைக் கடந்தோர் இவ்விரு மக்களுள் யாராயினும், கற்பனை வெள்ளையருக்கு அக்கதையில் இடமில்லை. மேலும், கோன்-டிக்கி காற்றின் போக்கிலே பெரும்பாலும் மிதந்தே சென்றது. குவாராப் பலகைகளால் தெப்பத்தை நினைத்த திசையிற் செலுத்தும் கலையை ஹெயர்டால் எக்குவடோர்க் கரையில் நேரிற் பரீட்சித்தறிந்தது 1953 இலேயே. அக்கலை அக்கரையின் மீனவர் கையிலிருந்து வந்தது.

* * *

இதே காலப்பகுதியில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1930-களில் ஐக்கிய அமெரிக்காவில் கண்ணாடியை இழையாக நூற்கும் தொழில் வளர்ந்தது. இறுகும் பிசின்களும் அக்காலத்திலேயே தோன்றின. 1942 அளவில் ஒகையோ மாநிலத்தின் ரே கிரீன் இவ்விரண்டையும் இணைத்துச் சிறு படகொன்றைச் செய்தார். 1950-களிலும் 1960-களிலும் அச்சிலிட்டு வார்க்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் மேலைநாட்டுக் கரைகளை நிறைத்தன. தச்சனின் பல்லாண்டுப் பயிற்சியின் இடத்தை அச்சும் பிசினும் பிடித்தன.

அப்படகுகளின் தளத்தை விறைப்பாக்க நடுப்படை தேவைப்பட்டபோது, விமானத்துக்கு உதவிய பல்சா மீண்டும் அழைக்கப்பட்டது. ஆயின் இம்முறை மரம் நெடுக்காகவன்றிக் குறுக்காக அறுக்கப்பட்டது. நார்கள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி சிறு துண்டுகளாக்கி, வலைத்துணியில் ஒட்டிப் பாய்போல விரித்தனர். செங்குத்தாக நிற்கும் நார் அமுக்கத்தை நன்கு தாங்கும். ஓரிடத்திற் புகுந்த நீரும் நார்வழியே பக்கமாக விரைந்து ஓடாது. ஆயினும் துளைகளை முறையாக அடைக்காவிடின் அதுவும் காலப்போக்கில் உக்கும். எனவே செயற்கை நுரைப்பலகைகள் போட்டிக்கு வந்தன. அவை உக்குவதில்லை. எனினும் திருகாணி இறங்கும் இடந்தோறும் நுரையைக் கிள்ளி எடுத்துக் கெட்டியான பிசினால் நிரப்பிய பின்னரே துளையிடவேண்டும். இல்லையேல் நுரை நசுங்கும், தோல் பிரியும், நீர் குடிபுகும்.

கட்டுமரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. கட்டுமரம் நீரை உள்ளே வரவிட்டு, பின்னர் அவிழ்த்துக் காயவைக்கும் கலம். மூவடுக்குத் தளமோ நீரை முற்றாக வெளியே நிறுத்த முயலும் பெட்டி. ஒருமுறை நீர் புகுந்தால் அது காய்வதில்லை. கட்டுமரத்தைக் கட்டியவனே அவிழ்க்கவும் அறிவான். மூவடுக்கைத் திறக்க அறுவை இயந்திரமும், அடைக்கப் பிசினும், பிசினை வாங்கப் பணமும் வேண்டும்.

அவ்வேலையைச் செய்பவனின் உடலையும் நாம் மறத்தலாகாது. பொலியெஸ்ரர் பிசினினின்று எழும் ஸ்ரைறீன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018 இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. பழைய தோலை அறுக்கும்போது எழும் கண்ணாடித் தூசி தோலையும் மூச்சையும் உறுத்துவது. முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில் இத்தீங்கு குறையும். ஆனால் வறிய நாடுகளின் பட்டறைகளிலே வாயிற் கட்டிய துணித்துண்டே பலருக்குக் காப்பு. இங்கும் படகின் இலேசு மற்றொருவனது நெஞ்சிற் பாரமாகவே இறங்குகிறது.

* * *

பல்சாவின் கதையில் மிக அண்மைய அத்தியாயம் காற்றாலைகளோடு தொடர்புற்றது. காற்றாலையின் இறக்கையும் படகின் தளமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கண்ணாடியிழைத் தோலுக்கு நடுவே இலேசான நடுப்படை உண்டு. தரைக் காற்றாலைகளுக்குச் சீன அரசு வழங்கிவந்த உதவி விலை 2020 இறுதியோடு முடிவடையவிருந்தமையால், அதற்கு முன்னர் காற்றாலைகளை நிறுவிவிடும் அவசரம் அங்கே எழுந்தது. இறக்கை செய்வோர் பல்சாவைத் தேடி அலைந்தனர். 2019 இலும் 2020 இலும் எக்குவடோரின் பல்சா ஏற்றுமதி பன்மடங்கு பெருகிற்று.

பல்சா ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் மரம். ஆனால் சந்தை ஐந்தாறு மாதமும் பொறுக்கவில்லை. கரையோரத் தோட்டங்கள் போதாமற்போகவே, மரவெட்டிகளும் தரகரும் கிழக்கே அமேசன் காட்டுக்குள் நுழைந்தனர். வெள்ளத்தின் பின் ஆற்றிடைத் திட்டுகளில் தானாக முளைக்கும் பல்சாக்கள், பஸ்தாஸா முதலிய ஆறுகளின் வழியே வெட்டி இழுக்கப்பட்டன. ஷுவார், அச்சுவார், வவோறானி முதலிய பழங்குடி மக்களின் நிலங்கள் அவை. அவர்களுட் சிலர் தாமே மரம் விற்றனர். வேறு வருமானமற்ற கொள்ளைநோய்க் காலத்தில் அது வியப்பன்று. ஆனால் பெரும்பணம் தரகனிடமும் ஏற்றுமதியாளனிடமும் தங்கிற்று. சாராயமும் சச்சரவும் கிராமங்களுக்குள் வந்தன. விற்கலாமா, தடுக்கலாமா என்று உறவினரிடையே பிளவு மூண்டது. பழங்குடி அமைப்புகள் தம் நிலத்தில் மரவெட்டைத் தடுக்கக் குரலெழுப்பின.

பின்னர் நிகழ்ந்தது இக்கதையை நன்கறிந்தோருக்குப் புதிதன்று. மரத்தின் விலை ஏறியதும் இறக்கை செய்வோர், போத்தல்கள் செய்யப் பயன்படும் பிளாஸ்ரிக்கு வகையாலான நுரைப்பலகைக்கு விரைந்து மாறினர். 2021 இல் பல்சாவின் கேள்வி சரிந்தது. விலையேற்றத்தை நம்பி நிலமெங்கும் பல்சா நட்ட சிறு விவசாயிகள், வாங்குவாரற்ற மரங்களோடு நின்றனர். காத்திருத்தலும் பயன்தராது, உரிய பருவங் கடந்த பல்சா தன் சிறப்பை இழந்துவிடும். காற்றாலை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நிலக்கரிப் புகையில் உலகம் மூச்சுத்திணறுகிறது. ஆயினும் தூய மின்சாரம் என்ற நற்காரியமும், இலாப அவசரத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டால், ஆற்றங்கரை மக்களைப் பழைய கொக்கோ முதலாளியின் வழியிலேயே நடத்தும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

* * *

நமது கரைகளுக்கு இதில் என்ன பாடம்? கண்ணாடியிழைப் படகு நமக்கு அந்நியமான பொருளன்று. 1967 இல் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கப்பெற்ற சீ-நோர் முயற்சி, படகு கட்டுதலையும் கடற்றொழிலையும் வடபுலத்திலேயே வேரூன்றச் செய்ய முயன்றது. உள்ளூர்க் கைகள் உள்ளூர்த் தேவைக்குப் புதிய பொருளைக் கையாளப் பழகும் வாய்ப்பு அதிலிருந்தது. பின்னர் வந்த நீண்ட போர் அத்தகைய முயற்சிகளின் வளர்ச்சியைக் குலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கண்ணாடியிழைப் படகுகள் உதவிப் பொருளாகப் பெருந்தொகையில் வந்து குவிந்தன. அவற்றுட் பல நன்கு உழைத்தன. அவசரத்திற் கட்டப்பட்ட சில விரைவிலே வெடித்தன. தமிழ்நாட்டுக் கரைகள் பலவற்றில் கட்டுமரம் பெரும்பாலும் மறைந்தது.

கட்டுமரத்துக்குத் திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. கடற்றொழிலாளி மட்டும் பழைமையின் காட்சிப்பொருளாக நிற்கவேண்டும் என்று விரும்புவோர் தாம் மரத்தெப்பத்திற் கடலுக்குச் சென்று பார்க்கட்டும். இலேசான படகு அவனுடைய உழைப்பைக் குறைப்பதாயின் அது அவனுக்கு உரியதே. நாம் எதிர்ப்பது இலேசையன்று. இலேசின் விலையை மறைக்கும் கணக்கை.

2022 இல் இலங்கை ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இக்கணக்கு நம் கண்முன்னே திறந்தது. மண்ணெண்ணெய்க்குக் கடற்றொழிலாளர் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். இறக்குமதியாகும் பிசினும் இழைப்பாயும் விலையேறின. மரத்தாலான வள்ளம் பழுதுற்றால் ஊர்த் தச்சனை அழைக்கலாம். கண்ணாடியிழைத் தளம் உக்கினால் அந்நியச் செலாவணியை அழைக்கவேண்டியிருக்கிறது. எக்குவடோரின் மரவெட்டி சந்தையின் ஒரு முனையில் நின்று பெற்ற அடியையே, நமது கடற்றொழிலாளி மறுமுனையில் நின்று பெறுகிறான். ஒருவன் விற்கும் விலையையும் மற்றவன் வாங்கும் விலையையும் இருவருமே தீர்மானிப்பதில்லை. இருவரையும் ஒருவருக்கொருவர் அந்நியராக வைத்திருப்பதே சந்தையின் திறமை.

இந்நிலை மாறுவதற்குச் செய்யத்தக்கவை உண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பிசினையும் நடுப்படையையும் மொத்தமாகக் கொள்வனவு செய்யலாம். தளம் திருத்தும் பட்டறைகளைத் தாமே நடத்தலாம். அங்கே வேலை செய்வோருக்கு முகமூடியும் காற்றோட்டமும் சட்டப்படியான உரிமையாகவேண்டும் என்று கோரலாம். தொழிற்கல்லூரிகளில் நம் கரையோரப் பிள்ளைகளுக்கு இத்தொழிலைத் தமிழிலேயே கற்பிக்கலாம். வரலாறு கற்பிப்போருக்கும் பங்குண்டு. கொலம்பசின் கப்பல்களின் பெயரைப் பிள்ளைகள் மனனஞ் செய்கிறார்கள். குவாராப் பலகையை ஏற்றி இறக்கிக் காற்றை வென்றவர்களையும், கட்டுமரத்தை அவிழ்த்து வெயிலிற் காயவைத்தவர்களையும் அவர்கள் அறியவேண்டும்.

ஒரு படகின் தளம் மாற்றப்படும்போது பழைய பலகை குப்பைக்குப் போகிறது. புதிய பலகை காலடிக்கு வருகிறது. அதன்மேல் நிற்பவன் தன் காலின் கீழ் எத்தனை பேருடைய தோள்கள் உள்ளன என்பதை அறிந்து நிற்பானாயின், அத்தோள்களுக்கு உரிய கூலியைக் கேட்கும் நாளில் அவர்களோடு சேர்ந்து நிற்பான். அவ்வறிவை வளர்ப்பதே நம்போன்றோரின் கடமை.